மோட்டாரை நிறுத்திய மண்டோதரி

ஒரு காட்டில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்கினால் தலையாட்டிக் கேட்பீர்கள். சுத்திகரிப்பு நிலையம் என்றதும் புருவம் மேலே போகிறது. அங்கே மோட்டார் எப்படி வந்தது, கரண்ட் எவன் கொடுத்தான் என்றெல்லாம் குடையாதீர்கள். பேசும் தவளையை ஒப்புக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு மோட்டாரை ஒப்புக்கொள்வதில் என்ன கஷ்டம்?

அந்தக் காட்டில் ஒரே ஒரு ஓடை. மேட்டில் பன்றிகள் அதில் புரண்டு குளிக்கும். பள்ளத்தில் மான்கள் அதையே குடிக்கும். "நாங்க எங்க வீட்டு வாசல்ல வர்ற தண்ணியிலதான் குளிக்கிறோம். அது அப்புறமா உங்க வீட்டு வாசலுக்கு வந்தா அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்று பன்றிகள் நியாயம் பேசின. சண்டை முற்றி, காட்டார் எல்லாரும் கூடி, ஓடைக்கரையில் மூன்று தொட்டி கட்டினார்கள். முதல் தொட்டியில் சேறு அடியில் தங்கும். மோட்டார் மேல்தண்ணீரை உறிஞ்சி இரண்டாவது தொட்டியில் ஏற்றும். அங்கே கூழாங்கல், மணல், கரி என்று வடிந்து வடிந்து மூன்றாவது தொட்டியில் தெளிந்து நிற்கும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாக ஆவாரங்குட்டைக்குப் போகும். மோட்டார் நின்றால் முதல் தொட்டி ரொம்பி, பக்கத்து முள்காட்டில் வழிந்து வீணாகும். காடு மொத்தமும் அந்தக் குட்டையில்தான் குடித்தது.

அந்தக் குட்டையில்தான் மண்டோதரி முட்டையிட்டிருந்தாள். மண்டோதரி ஒரு தவளை. இலங்கை ராணிக்கு இருந்த பெயர் தனக்கும் இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். அந்த ராணியே எங்கள் வம்சம்தான் என்று யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். முட்டைகள் பொரிந்து, வாலும் வயிறுமாகத் தலைப்பிரட்டைகள் குட்டையில் நெளிந்தன. கால் முளைத்து, வால் உதிர்ந்து, காற்றில் மூச்சு விடப் பழகும் வரையில் தலைப்பிரட்டைக்குத் தண்ணீர்தான் உலகம். அதுவரைக்கும் குட்டை வற்றக் கூடாது. மண்டோதரிக்கு இதைத் தவிர வேறு வேண்டுதல் கிடையாது. கதை முடிகிற வரைக்கும் இதை மட்டும் மடியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் மலையடிவாரத்தில் ஓர் ஆலமரம். அதன் நிழலில் அடிக்கடி மாநாடு நடக்கும். ஏழு கடல் தாண்டியெல்லாம் மிருகங்கள் வந்து, காற்று கெட்டுவிட்டது, நீர் கெட்டுவிட்டது என்று பேசும். பேசுகிறவர்களுக்குக் களைப்பு தெரியாது. கேட்கிறவர்களுக்கு உட்கார்ந்த இடம் மரத்துப் போகும். கடைசி நாளில் அவர்களை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தான் ஊர் போய் நாலு நல்ல வார்த்தை சொல்லுவார்கள்.

"நம்ம நிலையத்தையே காட்டிடுவோம்" என்றார் சூலபாணி.

சூலபாணி ஒரு முள்ளம்பன்றி. நிலையத்தின் இயக்குநர். யாரும் அவரிடம் நெருங்கி நின்று பேச முடியாது என்பதாலேயே அவருக்கு அந்தப் பதவி கிடைத்தது என்று காட்டில் ஒரு பேச்சு உண்டு. சுற்றிக் காட்டி விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்று தண்டோரா போட்டார். கீரி வந்தது, விளக்கம் சொல்வதற்குள் அடுத்த தொட்டிக்கு ஓடிவிட்டது. ஆமை வந்தது, முதல் தொட்டியைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மண்டோதரி வந்தாள். மழைக்காலத்தில் மூன்று மைலுக்குக் கேட்கிற குரல். வாயைத் திறந்து "வணக்கம்" என்றாள். சூலபாணியின் முள் அத்தனையும் நிமிர்ந்து நின்றது.

"நீதாம்மா வழிகாட்டி" என்றார் அவர்.

மண்டோதரி குட்டைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னாள். "உங்களுக்கு வர்ற தண்ணியைப் பத்தி உலகத்துக்கே எடுத்துச் சொல்லப் போறேன்டா!"

"சொன்னா நிறைய வருமாம்மா?" என்று கேட்டான் மூத்தவன். எல்லாரையும்விட வயிறு பெருத்தவன், எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டே திரிகிறவன். பெயர் குண்டோதரன்.

"பின்னே? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே எதுவும் நல்லா நடக்கும்" என்றாள் மண்டோதரி. பாவம், அவள் அப்படித்தான் நம்பினாள்.

முதல் கூட்டம் வந்தது. கழுத்தில் ஆளுக்கோர் ஆலிலை, நாரில் கோத்துத் தொங்கியது. அதுதான் பிரதிநிதி என்பதற்கு அடையாள அட்டை. கூட்டத்துக்குத் தலைவர் ஓர் ஒட்டகம். பாலைவனத்திலிருந்து வந்தவர். தண்ணீரே இல்லாத இடத்திலிருந்து வந்ததால் தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

மண்டோதரி முதல் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, மார்பை ஊதிக்கொண்டு, "இது வண்டல் தொட்டி!" என்றாள்.

மோட்டார் 'தடதடதடதட' என்றது.

"இது வண்டல் தொட்டி!"

ஒட்டகம் நீண்ட கழுத்தை வளைத்துக் காதை அவள் வாயருகே கொண்டுவந்தது. "அம்மணி, தங்கள் வாய் அசைவது தெரிகிறது. பொருள்தான் விளங்கவில்லை."

மண்டோதரிக்குச் சுருக்கென்றது. மூன்று மைல் குரல்! கேவலம் ஒரு இரும்புச் சாமான் அதை விழுங்குவதா? மோட்டார் பக்கத்தில் எருமை வீரணன் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தான். மோட்டாரைப் போடுவதும் அணைப்பதும் அவன் வேலை. பெரும்பாலும் இரண்டும் செய்யாமல் ஓட விட்டுவிட்டுப் படுத்திருப்பான்.

"வீரண்ணே! அதைக் கொஞ்சம் நிறுத்துண்ணே!"

வீரணன் வாலால் சுவிட்சைத் தட்டினான். காடே அமைதியானது. மண்டோதரி பேசினாள். சேறு எப்படித் தங்குகிறது, கரி எப்படி வடிகட்டுகிறது, குட்டையில் பிள்ளைகள் எப்படி நீந்துகிறார்கள் என்று தொட்டி தொட்டியாகக் கொட்டி முழக்கினாள். ஒட்டகத்தின் கண்ணில் நீர் துளிர்த்தது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அதையும் நாக்கால் நக்கிக்கொண்டது. கடைசியில் எல்லாருக்கும் மூங்கில் குவளையில் தண்ணீர் கொடுத்தார்கள். "அமிர்தம்! அமிர்தம்!" என்று எல்லாரும் குடித்தார்கள்.

அமிர்தமாகத்தான் இருக்கும். அது மூன்றாவது தொட்டித் தண்ணீர் இல்லை. வெளியூர் வயிறு, நம்ம தண்ணீர் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று சூலபாணி குரங்குகளை விட்டு மலைச்சுனையிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

விருந்தாளிகள் போனதும் சூலபாணி ஒரு பலகை மாட்டினார்: 'சுற்றுலா நடக்கும் நேரத்தில் மோட்டார் ஓடக் கூடாது.' எப்போதாவது ஒரு கூட்டம் வந்த வரையில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒட்டகம் போன இடமெல்லாம் மண்டோதரி புகழ் பாடியது. மண்டோதரியைக் கேட்பதற்கென்றே மாநாடு கூட்டினார்கள். நெருப்புக்கோழிகள் வந்தன, எதைக் காட்டினாலும் மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு, மணல் தொட்டியை மட்டும் மிகவும் ரசித்தன. கங்காருகள் வந்தன. பென்குயின்கள் வந்து, வெயில் தாங்காமல் மூன்றாவது தொட்டியிலேயே இறங்கி உட்கார்ந்துகொண்டன. ஒரு கூட்டம் வெளியேறும்போதே அடுத்த கூட்டம் வாசலில் வரிசை கட்டியது. பகல் முழுக்க மோட்டார் ஓடவில்லை.

"ராத்திரியாவது ஓட்டலாமே சார்?" என்று மண்டோதரி கேட்டாள்.

"விருந்தினர் மாளிகை பக்கத்துலயே இருக்கும்மா. தூக்கம் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனா யார் பதில் சொல்றது?" என்றார் சூலபாணி.

இப்படியாக, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் புகழ் ஏற ஏற ஆவாரங்குட்டையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. மண்டோதரி பேசிப் பேசிக் களைத்து வீடு திரும்பியபோது குண்டோதரன் கரையோரமாக வந்தான்.

"அம்மா, முதுகுல காத்துப் படுதும்மா. சுகமா இருக்கு."

மண்டோதரி திடுக்கிட்டுக் குட்டையைப் பார்த்தாள். தலைப்பிரட்டை முதுகில் காற்றுப் படலாமா? அவனுக்குப் பின்னங்கால்கள்கூட அப்போதுதான் அரும்பு விட்டிருந்தன. சின்னதுகளுக்கு அதுவும் இல்லை. குட்டையின் ஓரங்களில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மான்கள் அந்தச் சேற்றையே பல்லால் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. அவள் அன்றைக்குத் தூங்கவில்லை. தன் வாயாலேயே தன் பிள்ளைகளின் தண்ணீரை நிறுத்திவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விடிந்ததும் சூலபாணியிடம் ஓடினாள். "சார், மோட்டாரை ஓட்டணும். குட்டை வத்துது."

"ஓட்டினா தேயும்மா. நம்ம நிலையத்துல இந்தக் கோடை பூரா ஒரு பழுது கிடையாது, தெரியுமா? அதுக்காக நமக்கு விருது குடுக்கறாங்க."

"ஓடினாத்தானே சார் பழுதாகும்?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார் சூலபாணி. எத்தனை முள் இருந்தாலும் அவர் பேச்சு வழுவழுவென்றுதான் இருக்கும்.

மண்டோதரி யோசித்தாள். தன் பேச்சால்தானே மோட்டார் நின்றது? பேச்சை நிறுத்தினால் மோட்டார் ஓடியாக வேண்டும். மறுநாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "க்ர்... க்ர்..." என்று சைகை காட்டினாள். குரல் போய்விட்டதாம்.

சூலபாணி ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. வாசலில் புதிய பலகை ஏறியது: 'மௌனச் சுற்றுலா. நீரின் மொழியை நீங்களே கேளுங்கள்.' மண்டோதரி முன்னால் தத்திப் போனாள். பின்னால் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. ஒரு கங்காரு நிஜமாகவே தொட்டியில் விழுந்துவிட்டு, வாழ்க்கையிலேயே இப்படி ஒரு அனுபவம் கிடைத்ததில்லை என்றது. மௌனம் நடக்கும்போது மோட்டார் ஓடலாமா? வீரணன் அசைபோடுகிற சத்தத்தையே குறைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குக் குட்டையில் தலைப்பிரட்டைகள் எல்லாம் நடுப்பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. "அம்மா, இவன் என் மேல படுக்கறான்" என்று ஒன்றின்மேல் ஒன்று கோள் சொல்லின. குண்டோதரன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. எந்நேரமும் திறந்து கிடக்கிற அவன் வாய் மூடியிருந்தது. மண்டோதரிக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. "வேலையாவது மண்ணாங்கட்டியாவது" என்று கிளம்பினாள்.

மறுபடியும் ஒட்டகம்தான் வந்திருந்தது. இந்த முறை பெரிய கூட்டம். மண்டோதரி மூன்றாவது தொட்டி மேல் ஏறினாள். மௌனச் சுற்றுலாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திறக்கும்படி வாயைத் திறந்தாள்.

"இந்த நிலையம் ஓடலை! ஒரு சொட்டுத் தண்ணி இங்க சுத்தமாகலை! நீங்க வர்றீங்கன்னுதான் மோட்டாரை நிறுத்தி வச்சிருக்கு! நீங்க குடிச்சது இந்தத் தண்ணியே இல்ல, மலைச்சுனைத் தண்ணி! அங்க கீழ என் பிள்ளைங்க சேத்துல கிடந்து சாவுதுங்க! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

சூலபாணி முள்ளை எல்லாம் சுருட்டிக்கொண்டு ஒரு பந்தாகிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சொன்னது நமக்குத்தான் என்று மண்டோதரி தலையைக் குனிந்துகொண்டாள். கெட்டால் கெடட்டும், மோட்டார் ஓடினால் போதும்.

ஒட்டகம் மெல்ல முன்காலைத் தூக்கித் தரையில் தட்டியது. பிறகு இன்னொரு காலை. பிறகு எல்லாக் கால்களும் தட்டின. அதுதான் அவர்கள் ஊரில் கைதட்டல்.

"எத்தனையோ நிலையங்களைக் கண்டிருக்கிறேன்" என்றது ஒட்டகம், தழுதழுத்த குரலில். "ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு ஓடாத நிலையங்கள். ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டு ஓடாத நிலையத்தை இன்றுதான் காண்கிறேன். என்னே வெளிப்படைத்தன்மை! இந்த மோட்டார் ஏன் ஓடவில்லை என்பதைப் பற்றி உடனடியாக ஒரு சிறப்பு மாநாடு கூட்ட வேண்டும். இங்கேயே. இந்தத் தொட்டியருகிலேயே."

"அதுக்கு எதுக்குங்க மாநாடு? அந்தச் சுவிட்சைத் தட்டினா ஓடும்" என்றாள் மண்டோதரி.

"அவசரப்படாதீர்கள், அம்மணி. காரணம் தெரியாமல் ஓட்டிவிட்டால் அப்புறம் எதைப் பற்றிப் பேசுவது? பேசி முடிக்கும் வரை மோட்டாரை யாரும் தொடக் கூடாது."

சூலபாணி பந்திலிருந்து அவிழ்ந்து, "நல்ல யோசனைங்கய்யா!" என்றார்.

மண்டோதரிக்கு அழுகை பொங்கியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டதே! "அதுக்குள்ள என் பிள்ளைங்க?" என்று கத்தினாள்.

ஒட்டகம் வியப்போடு அவளைப் பார்த்தது. "பாதிக்கப்பட்டோர் இல்லாமல் மாநாடா? தங்கள் பிள்ளைகள்தானே முதல் வரிசையில் இருக்க வேண்டும்! பிரதிநிதிகளாகப் பதிவு செய்யுங்கள். பிரதிநிதி என்றால் தங்க இடம் உண்டு, சுனைத்தண்ணீர் உண்டு, வேளைக்கு வேளை மாற்றித் தருவார்கள்."

மண்டோதரி அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

அதற்கும் சூலபாணி ஒரு முட்டுக்கட்டை போட்டார். "கழுத்துல இலை தொங்கினாத்தான் பிரதிநிதி. இதுங்களுக்குக் கழுத்து எங்க இருக்கு? தலை முடிஞ்ச இடத்துல வால் ஆரம்பிக்குது."

"நான் ஒரு குடத்துல கொண்டாறேன் சார். குடத்துக்குக் கழுத்து இருக்குல்ல?"

சூலபாணி விதிகளை மனசுக்குள் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தார். குடத்துக்கு இலை தொங்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அப்படியாக ஒரு பெரிய மண்குடம் பிரதிநிதி ஆயிற்று. அது எந்தக் காட்டிலிருந்து வந்திருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. குரங்குகள் விளிம்பு வரை சுனைத்தண்ணீர் ஊற்றின. தலைப்பிரட்டைகள் 'சளக் சளக்' என்று விழுந்தன. குண்டோதரன் குடத்தின் அடிவரைக்கும் போய்விட்டு மேலே வந்து, வாயைப் பழையபடி பிளந்துகொண்டு, "அம்மா, மாநாடுன்னா இவ்வளவு ருசியாவா இருக்கும்?" என்றான். மண்டோதரிக்கு உயிர் திரும்பி வந்தது. மூன்று மைலுக்குக் கேட்கும்படி ஒரு பாட்டுப் பாடினாள்.

அந்தப் பாட்டுதான் வினை. கேட்டுவிட்டு மான்கள் ஓடிவந்தன. குடத்தையும் இலையையும் தண்ணீரையும் பார்த்தன. நேராகப் போய் ஆளுக்கோர் ஆலிலையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தன. பின்னாலேயே முயல்கள், மயில்கள், நரிகள். கடைசியில் பன்றிகளும் வந்தன. "ஓடையை அழுக்குப் பண்றதே நாங்கதான். எங்க கருத்து இல்லாம என்ன முடிவெடுத்துடுவீங்க?" என்று முதல் வரிசையில் குடத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. ஓடையில் குளிக்க ஆளில்லாமல் போனதால் ஓடைத் தண்ணீர் தானாகவே தெளிந்துவிட்டது. அதைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. தெளிந்த தண்ணீர் முதல் தொட்டியில் ரொம்பி முள்காட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஆவாரங்குட்டை ஒட்ட வற்றியது. சூலபாணி அதையும் சுற்றுலாவில் சேர்த்தார். சேற்று வெடிப்புகளின் நடுவே கயிறு கட்டி, 'முன்னாள் குட்டை' என்று பலகை நட்டார்.

வீரணன் மட்டும் இலை கட்டவில்லை. "ஓடாத மோட்டாருக்கு ஆபரேட்டர். இதைவிட நல்ல உத்தியோகம் எந்த மாநாட்டுல குடுப்பாங்க?" என்று கண்ணை மூடிக்கொண்டான். தாகம் எடுத்தால் மண்டோதரி அவனுக்கு ஒரு குவளை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மாநாடு நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மாலையும், "இத்துடன் முடித்துக்கொள்வோமா?" என்று ஒட்டகம் கேட்கும். முடிந்தால் இலையைக் கழற்ற வேண்டும். இலையைக் கழற்றினால் சுனைத்தண்ணீர் கிடையாது. "இன்னும் பேச வேண்டியது இருக்குங்கய்யா!" என்று காடு மொத்தமும் ஒரே குரலில் சொல்லும். அவ்வளவு ஒற்றுமை அந்தக் காட்டில் முன்பு எதற்கும் வந்ததில்லை.

ஒரு நாள் குண்டோதரனுக்கு முன்னங்கால்களும் முளைத்து முடிந்தன. வாலில் ஒரு துணுக்குத்தான் மிச்சம். குடத்தின் விளிம்பில் ஏறி முதல் முறையாக உலகத்தைப் பார்த்தான். எட்டிக் குதித்தான். குதிக்கத் தெரிந்த சந்தோஷத்தில் தொட்டிக்குத் தொட்டி குதித்தான், வீரணன் முதுகில் குதித்தான், அங்கிருந்து சுவிட்சின் மேல் குதித்தான்.

'தடதடதடதட' என்றது மோட்டார்.

முதல் தொட்டியிலிருந்து இரண்டாவதற்குத் தண்ணீர் பாய்ந்தது. மூன்றாவது தொட்டியில் அலை எழும்பியது. குழாய் இருமி, தூசியைத் துப்பி, பிறகு குபுகுபுவென்று கொட்டத் தொடங்கியது. ஆவாரங்குட்டையின் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி மண் வாசனை எழும்பியது. மண்டோதரிக்கு அந்த வாசனை வந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை நாள் ஏங்கிய வாசனை!

"என்ன சத்தம் அங்கே?" என்று மாநாட்டுக் கூட்டத்திலிருந்து ஒரே கூச்சல். "ஒண்ணுமே கேக்கலை! நிறுத்துங்க!" மான்கள் கத்தின, பன்றிகள் கத்தின, பென்குயின்கள் சிறகால் காதைப் பொத்திக்கொண்டன. ஒட்டகம் அப்போது 'மோட்டாரை ஓட வைப்பதற்கான வழிகள்' என்ற உரையின் நடுவில் இருந்தது. எல்லாக் கண்களும் மண்டோதரியின் மேல் வந்து நின்றன.

மண்டோதரி குழாயைப் பார்த்தாள். குட்டை நிரம்ப நாளாகும். மோட்டார் ஓடிவிட்டால் அதற்குள் மாநாடு முடிந்து போயிருக்கும். குடத்தின் கழுத்திலிருந்து இலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். குடத்துக்குள் இன்னும் கால் முளைக்காத சின்னதுகள் வாலை ஆட்டிக்கொண்டு, வேளைத்தண்ணீர் எப்போது வரும் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"அணைச்சிடு கண்ணு. பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்க."

"தண்ணி வருதேம்மா?" என்றான் குண்டோதரன்.

"வரும்டா, வரும். முதல்ல பேசி முடிக்கட்டும்."

குண்டோதரன் ஒன்றும் புரியாமல் சுவிட்சின் மேல் இன்னொரு தரம் குதித்தான். மோட்டார் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நீதி: தாகம் எடுக்கும் முன்னே கிணறு வெட்டுகிறவன் முட்டாள், கிணறு ஏன் வெட்டவில்லை என்று பேசும் கூட்டத்தில் முன்வரிசையைப் பிடி, முடிக்கலாமா என்று எவன் கேட்டாலும் விடாதே.